கடைக்குப் புதிதாக வரும் ஆளுக்குக் கைப்பேசியில் பாடம்: அமைப்பது எப்படி?

மளிகைக் கடை நடத்தும் எந்த நண்பரைச் சந்தித்தாலும் முதலில் சரக்கு விலையைப் பற்றிப் பேசுவார். அடுத்து, கடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பார். கிடைத்த ஆளும் நிலைத்து நிற்பதில்லை என்பது மூன்றாவது குறை. இந்த மூன்றாவது குறையைப் பற்றியே இக்கட்டுரை.

முன்பெல்லாம் தென் மாவட்டங்களிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தால், நான்கைந்து ஆண்டுகள் நம்மோடு நின்று, பொட்டலம் மடிப்பதிலிருந்து கல்லாவில் உட்காருவது வரை படிப்படியாகக் கற்பார். பிறகு தனிக்கடை வைப்பார். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் வட்டாரத்தில் இப்படி வளர்ந்து முதலாளியானவர்கள் பலர் நம்மிடையே உண்டு. அப்போது தொழிலைத் தனியாகக் கற்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. காலமே கற்பித்தது.

இன்று நிலைமை வேறு. பீகார், ஒடிசா, அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சில மாதங்களில் ஊருக்குப் போய்விடுகிறார்கள், அல்லது வேறு வேலைக்கு மாறிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் நாம் தொடக்கத்திலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது. மாலை ஆறு மணிக்குக் கடை முன் பத்துப் பேர் நிற்கும்போது சொல்லித்தர ஏது நேரம்? அதட்டத்தான் நேரம் இருக்கிறது. அதட்டல் வாங்கிய ஆள் அடுத்த வாரம் நின்றுவிடுகிறார்.

எல்லோர் கையிலும் இப்போது கைப்பேசி இருக்கிறது. அதன் வழியாக ஒரு முறை நன்றாகப் பாடம் அமைத்து வைத்தால், வரும் ஒவ்வொருவருக்கும் அது பயன்படும். இதை ஆங்கிலத்தில் இ-லேர்னிங் என்கிறார்கள். பாடத்தை எப்படி அமைத்தால் மனதில் பதியும் என்று ஆராயும் துறைக்கு இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன் என்று பெயர். பாட அமைப்புக் கலை என்று நாம் சொல்லலாம். பெயர் புதிதே தவிர விஷயம் நமக்குப் புதிதல்ல.

நம் மண்ணில் இருந்த பாட அமைப்பு

திண்ணைப் பள்ளிக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். எண்சுவடியை ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொன்னார்கள். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லித்தந்தான். கேட்டல், சொல்லுதல், எழுதுதல் மூன்றும் உடனுக்குடன் நடந்தன. கேட்டுவிட்டுச் சும்மா போகும் வழக்கம் அங்கே கிடையாது.

ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றார். நம்மூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அந்த முறையைத் தம் விடுதியில் கொண்டுவந்தார். முன்னேறிய மாணவனைக் கொண்டு மற்ற மாணவர்களுக்குக் கற்பித்தார். 1796-ல் சென்னையை விட்டுச் சென்ற அவர், 1797-ல் இலண்டனில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்த முறை ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது.

வணிகத்திலும் நமக்கு முன்மாதிரி உண்டு. நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய இடங்களில் கடை நடத்தியபோது, இளைஞர் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பின் அடுத்தாளாகி, அதன்பின் மேலாளாக உயர்ந்தார். எந்தப் படியில் எந்த வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. எளியதில் தொடங்கிக் கடினத்திற்குப் போவது, அடுத்த படிக்கு உரிய தகுதியை முன்கூட்டியே வரையறுப்பது ஆகிய இரண்டையும்தான் இன்றைய பாட அமைப்பு நூல்களும் வலியுறுத்துகின்றன.

இணையவழிக் கல்வி காட்டும் பாடம்

இணையவழிக் கல்வியிலும் சென்னை பின்தங்கவில்லை. 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் இயங்குகிறது. வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக அவர்கள் அமைத்த மழலைக் கல்வியில் படம், ஒலி, பாட்டு ஆகியவை முன்னால் வருகின்றன. தமிழ் எழுத்தே அறியாத ஒருவருக்குக் கற்பிப்பதற்கு அதுவே வழி. வெளிமாநில ஆளுக்குப் பாடம் அமைக்க நினைக்கும் நாம் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் வட்டாரத்திற்கு அருகிலுள்ள சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டம் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. 2003-ல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து இதைத் தொடங்கின. பேராசிரியர்களின் வகுப்புகளைப் படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இலவசமாக வெளியிட்டார்கள். 2014-ல் அதே திட்டத்தில் சான்றிதழ்ப் பாடங்கள் வந்தன. பாடம் வாரம் வாரமாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வாரமும் பயிற்சி வினா, விடை அனுப்பக் கடைசித் தேதி, முடிவில் மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வு என ஒழுங்கு செய்தார்கள். பாடம் படிப்பது இன்றும் இலவசம். தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? படத்தை எடுத்துப் போட்டால் மட்டும் போதாது. படிப்பவர் எப்போது படிக்க வேண்டும், படித்ததைக் கொண்டு என்ன செய்ய வேண்டும், தெரிந்துகொண்டாரா என்று யார் சரிபார்ப்பது என்ற மூன்றுக்கும் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத இலவசப் பாடங்களில் சேருகிறவர்கள் பலர், முடிக்கிறவர்கள் சிலர் என்பது உலகம் முழுவதும் கண்ட அனுபவம். முதலாளி நாற்பது நிமிடம் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதன் கதியும் இதுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஐந்து படிகள்

1975-ல் அமெரிக்கப் படைக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாட அமைப்பு முறை உருவாயிற்று. அதன் ஐந்து படிகள் இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளன: ஆராய்தல், திட்டமிடல், தயாரித்தல், நடத்துதல், மதிப்பிடல். நம் கடைக்கு இவை எப்படிப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஆராய்தல்

கேமராவை எடுக்கும் முன் ஒரு நோட்டை எடுங்கள். இரண்டு வாரம், கடையில் புதிய ஆளால் நேரும் தவறுகளை எல்லாம் தேதியிட்டு எழுதுங்கள். எடைத் தவறு எத்தனை, சரக்கு மாற்றிக் கொடுத்தது எத்தனை, காலாவதியான பாக்கெட் திரும்பி வந்தது எத்தனை, பணம் வராமலேயே சரக்குப் போனது எத்தனை என்று எழுதினால், எதற்குப் பாடம் தேவை என்பது தானே தெரியும்.

அடுத்து ஒரு கேள்வி. இந்தத் தவறு தெரியாமையால் வந்ததா, கடையின் ஒழுங்கின்மையால் வந்ததா? பெயர் ஒட்டாத இரண்டு டப்பாக்களில் பச்சரிசி மாவும் மைதாவும் அருகருகே இருந்தால், பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரும் மாற்றித்தான் எடுப்பார். அதற்குப் பெயர்ச் சீட்டு போதும், பாடம் வேண்டாம். தராசு மேடை ஆடினால் தச்சரைக் கூப்பிட வேண்டும். பாடத்தால் தீராத குறைக்குப் பாடம் தயாரிப்பது வீண் செலவு. நோட்டில் உள்ள தவறுகளில் கணிசமானவை இப்படியே கழிந்துவிடும். எஞ்சியவற்றுக்குத்தான் பாடம்.

2. திட்டமிடல்

பாடத்தின் குறிக்கோளை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1962-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். கற்பவர் என்ன செய்து காட்டுவார், எந்தச் சூழ்நிலையில் செய்வார், எவ்வளவு சரியாகச் செய்வார் ஆகிய மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

‘தராசைப் பற்றி அறிந்துகொள்வார்’ என்று எழுதினால், அறிந்தாரா இல்லையா என்பதை யாராலும் சொல்ல முடியாது. ‘நம் கடைத் தராசில், யார் துணையும் இல்லாமல், பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பத்துப் பொட்டலமும் சரியாக நிறுப்பார்’ என்று எழுதினால், பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

குறிக்கோளை எழுதியவுடன் தேர்வை எழுதுங்கள். பாடத்தை அதன் பிறகே எழுத வேண்டும். தேர்வுக்குத் தேவையில்லாத செய்தி எதுவும் பாடத்தில் நுழையாமலிருக்க இதுவே காவல். நாம் தொழிலில் ஊறியவர்கள், நமக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். புதியவருக்கு முதல் வாரத்தில் அவ்வளவும் சுமைதான்.

3. தயாரித்தல்

இதில் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் சில:

ஒரு பாடத்தில் ஒரே விஷயம் இருக்கட்டும். மூன்று அல்லது நான்கு நிமிடத்திற்கு மேல் போக வேண்டாம்.

நம் கடையையே படம் பிடியுங்கள். வேறு எங்கோ எடுத்த பளபளப்பான படத்தைவிட, அவர் நாளை கை வைக்கப் போகும் தராசும் ரேக்கும் படத்தில் தெரிவது பயன் தரும்.

முகத்தைவிடக் கை தெரிய வேண்டும். பேசுகிறவர் முகத்தைப் பார்த்து யாரும் நிறுக்கக் கற்பதில்லை.

படம் ஓடும்போது குரல் விளக்கட்டும். அதே சொற்களைத் திரையில் வரிவரியாக எழுதிக் காட்டினால், படிப்பதா கேட்பதா பார்ப்பதா என்று மனம் சிதறும். ரிச்சர்ட் மேயர் என்ற உளவியல் அறிஞர் பல சோதனைகள் செய்து கண்ட முடிவு இது.

இடையில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். ‘இப்போது தராசில் என்ன எண் தெரிய வேண்டும்?’ என்று கேட்டு ஐந்து விநாடி காத்திருந்து, பிறகு விடை சொல்லுங்கள். யோசித்த பின் கேட்ட விடைதான் நிற்கும்.

சரியானதைக் காட்டுவதோடு, அடிக்கடி நடக்கும் தவறையும் காட்டி, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று சொல்லுங்கள்.

4. நடத்துதல்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவம் இல்லாத ஆட்களை விரைவில் பழக்க வேண்டி வந்தது. 1940 முதல் 1945 வரை நடந்த அந்தத் திட்டத்தில் நான்கு செயல்கள் வகுக்கப்பட்டன: கற்பவரைத் தயார் செய்தல், செய்து காட்டுதல், செய்யச் சொல்லிப் பார்த்தல், பிறகு தொடர்ந்து கவனித்தல். போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் இதை ஆர்வத்துடன் ஏற்றுக்கொண்டன.

கைப்பேசி இந்த நான்கில் இரண்டாவதை மட்டுமே முழுமையாகச் செய்யும். மற்ற மூன்றுக்கும் மனிதர் வேண்டும். எனவே கடையில் மூத்த ஊழியர் ஒருவரைச் சட்டாம்பிள்ளையாக நியமியுங்கள். ‘அண்ணே, பாடம் பார்த்துட்டேன்’ என்று புதியவர் வந்து சொன்னதும், ‘சரி தம்பி, இந்தா அரைக் கிலோ கடலைப்பருப்பு நிறுத்துக் காட்டு’ என்று அவர் சொல்ல வேண்டும். இந்தப் பொறுப்புக்கு மாதம் சிறு தொகை சேர்த்துக் கொடுப்பது நியாயம்.

ஒரு முறை கற்றது மறந்து போகும். மறதியை அளந்து பார்த்த ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ், கற்ற முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலுமே பெரும்பகுதி மறந்துவிடுகிறது என்று 1885-ல் எழுதினார். விட்டு விட்டுத் திரும்பப் பார்ப்பதே மருந்து. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

5. மதிப்பிடல்

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-ல் சொன்ன நான்கு நிலை மதிப்பீடு எளிமையானது. பாடம் பிடித்திருந்ததா? கற்றாரா? கடையில் அப்படியே செய்கிறாரா? அதனால் கடைக்கு நன்மை விளைந்ததா? முதல் கேள்வியோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ‘நன்றாக இருந்தது முதலாளி’ என்று அவர் சொன்னால் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் முன்பு எழுதிய தவறு நோட்டை மீண்டும் இரண்டு வாரம் எழுதிப் பார்த்து, எண்ணிக்கை குறைந்ததா என்று ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். குறையவில்லை என்றால் பாடத்தைத் திருத்துங்கள், ஆளைக் குறை சொல்ல வேண்டாம்.

மாதிரிப் பாடம்: தராசில் டேர் போடுதல்

குறிக்கோள்: முன்பு சொன்னதே. நேரம்: மூன்றரை நிமிடம்.

காட்சி ஒன்று. காலித் தராசு. குரல்: ‘நிறுக்கும் முன் இங்கே பாருங்கள். சுழியம் தெரிய வேண்டும்.’

காட்சி இரண்டு. காலிப் பாத்திரம் தராசில் வைக்கப்படுகிறது. 40 கிராம் காட்டுகிறது. குரல்: ‘இந்த 40 கிராம் பாத்திரத்தின் எடை. இதை வாடிக்கையாளரிடம் விற்கலாமா?’ ஐந்து விநாடி இடைவெளி. ‘கூடாது. டேர் பொத்தானை அழுத்துங்கள். சுழியம் வந்துவிட்டது.’

காட்சி மூன்று. அரைக் கிலோ பருப்பு நிறுக்கப்படுகிறது. 500 என்று காட்டுகிறது.

காட்சி நான்கு. பாத்திரத்தை எடுத்தவுடன் தராசு மைனஸ் 40 காட்டுகிறது. குரல்: ‘இதைக் கவனிக்காமல், பாத்திரம் இல்லாமல் அடுத்தவருக்கு நிறுத்தால் என்ன ஆகும்?’ இடைவெளி. ‘தராசு 500 காட்டும்போது உண்மையில் 540 கிராம் இருக்கும். கடைக்கு 40 கிராம் நட்டம். ஒரு நாளில் இருபது முறை இப்படி நடந்தால் 800 கிராம்.’

காட்சி ஐந்து. மீண்டும் டேர் அழுத்திச் சுழியம் கொண்டுவருதல். குரல்: ‘ஒவ்வொருவருக்கும் நிறுக்கும் முன் சுழியம் பாருங்கள். வாடிக்கையாளரும் பார்க்கும்படி தராசைத் திருப்பி வையுங்கள்.’

தேர்வு: சட்டாம்பிள்ளை முன்னிலையில் பத்துப் பொட்டலம். ஐந்து பாத்திரத்தோடு, ஐந்து பாத்திரம் இல்லாமல், கலந்து கலந்து. பத்தும் சரியாக வந்தால் தேர்ச்சி. ஒன்று தவறினாலும் மறுநாள் மீண்டும்.

பாத்திர எடையைக் கழிக்க மறந்தால் வாடிக்கையாளருக்கு நட்டம், கழித்ததை நீக்க மறந்தால் நமக்கு நட்டம். இரு பக்கமும் நேர்மை வேண்டும் என்பதை இந்த ஒரு பாடமே உணர்த்திவிடும்.

இதே அச்சில் வேறு பாடங்களும் அமைக்கலாம். பழைய சரக்கை முன்னால் வைத்துப் புதியதைப் பின்னால் அடுக்குவது, காலாவதித் தேதி பார்ப்பது, ஈரக் கையோடு சரக்கைத் தொடாமை, பில் போடுவது, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகளைத் தராமல் இருப்பது என ஒவ்வொன்றும் ஒரு பாடம். உணவுப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, உரிமம் பெற்ற உணவு வணிகங்களில் 25 பேருக்கு ஒருவர் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கூறுகிறது. அதற்கு ஃபாஸ்டாக் என்ற பயிற்சித் திட்டத்தையும் நடத்துகிறது. நம் பாடம் அதற்கு மாற்று ஆகாது, துணையாக இருக்கும்.

பணப் பாடம்

யு.பி.ஐ. முறை 2016-ல் வந்தது. இன்று சிறு கடைகளிலும் அதுவே பெரும் வழக்கம். நம் வட்டாரத்துக் கடை ஒன்றில் நடந்ததைக் கேள்விப்பட்டேன். சேர்ந்து பத்து நாளே ஆன இளைஞரிடம், பணம் அனுப்பியதாகத் திரைப்படம் ஒன்றைக் காட்டிவிட்டு எண்ணெய் டின்னும் அரிசிச் சிப்பமும் வாங்கிப் போனார் ஒருவர். பணம் வரவே இல்லை. அந்தத் தொகை இளைஞரின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அவர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார்.

அவருக்கு யாராவது முன்கூட்டிச் சொல்லித்தந்தார்களா என்பதே என் கேள்வி. கற்பிக்காத விஷயத்திற்குத் தண்டனை கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அந்தக் கடைக்கு எண்ணெயும் அரிசியும் போயின. ஓர் ஆளும் போனார். மூன்று நிமிடப் பாடம் இருந்திருந்தால் இவை எதுவும் போயிருக்காது.

அந்தப் பாடத்தில் நான்கு செய்திகள் போதும். வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பாமல், கடையின் ஒலிப்பெட்டி சொன்ன பிறகே அல்லது கடைக் கைப்பேசியில் வரவு பார்த்த பிறகே சரக்கைக் கொடுக்க வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கேட்டால் அது மோசடி. காலையில் கடை திறந்ததும், கியூ.ஆர். அட்டை மேல் வேறு சீட்டு ஒட்டப்படவில்லை என்று பார்க்க வேண்டும். ஏமாற்றப்பட்டது தெரிந்தால் உடனே முதலாளியிடம் சொல்லி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். ‘உடனே சொன்னால் திட்ட மாட்டேன்’ என்று முதலாளியே தம் குரலில் அந்தப் பாடத்தில் சொல்லிவிடுவது நல்லது. பயந்து மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

மொழிப் பாடம்

வெளிமாநில ஆளுக்கு விளக்கம் அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்கலாம். ஆனால் சரக்கின் பெயர் தமிழில் காதில் விழ வேண்டும், ஏனெனில் வாடிக்கையாளர் தமிழில்தான் கேட்பார். ஒரு சரக்கின் படம், தமிழ்ப் பெயர் இருமுறை, பிறகு இந்திப் பெயர் ஒருமுறை என்று ஒலிப்பதிவு செய்யுங்கள். துவரம்பருப்பு என்றால் அர்ஹர், கடலைப்பருப்பு என்றால் சனா, பாசிப்பருப்பு என்றால் மூங், உளுந்து என்றால் உரத்.

ஒரு நாளைக்கு எட்டுப் பெயர் போதும். ஒன்றுபோல் தோன்றும் சரக்குகளை முதல் நாளே சேர்த்துக் காட்ட வேண்டாம். சீரகம் நன்றாகப் பதிந்த பிறகு சோம்பைக் காட்டி, நிறத்திலும் மணத்திலும் உள்ள வேறுபாட்டைச் சொல்லுங்கள். சென்னைப் பேச்சில் பொட்டுக்கடலையை உடைத்த கடலை என்பதுபோல் இரு பெயர் உள்ளவற்றுக்கு இரண்டையும் பதிவு செய்யுங்கள். ‘என்னம்மா வேணும்?’, ‘இதோ தர்றேன் அண்ணா’, ‘இன்னிக்கு இல்லைங்க, நாளைக்கு வரும்’ என்ற மூன்று வாக்கியங்களும் இந்தப் பாடத்திலேயே சேரட்டும். மொழி தெரியாதவர் முறைத்தபடி நிற்பதாக வாடிக்கையாளர் நினைப்பது பெரும்பாலும் இந்த மூன்று வாக்கியம் தெரியாததால்தான்.

கடைப்பிடிக்க வேண்டிய நேர்மைகள்

பாடம் பார்க்கும் நேரம் வேலை நேரம். இரவு பத்தரைக்குக் கடை சாத்திய பிறகு பார்க்கச் சொல்வது முறையன்று, பதியவும் பதியாது. கூட்டம் குறைந்த பிற்பகல் மூன்று மணி பொருத்தமானது. 2021-ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டில் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். அந்த இருக்கையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்க்கட்டும். டேட்டா செலவு நம்முடையதாக இருக்கட்டும்.

வாடிக்கையாளர் முகமோ பேச்சோ படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊழியரைப் படம் பிடிப்பதானால் அவர் சம்மதம் கேளுங்கள். கடைப் பையன் என்று நாம் வாய்வழக்காகச் சொன்னாலும், 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் நினைவில் கொள்வோம்.

சங்கத்திற்கு ஒரு யோசனை

ஒவ்வொரு கடைக்காரரும் எல்லாப் பாடத்தையும் தயாரிக்க வேண்டியதில்லை. பத்துப் பாடங்களைப் பத்து உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். தராசில் கெட்டிக்காரர் தராசுப் பாடம், அடுக்குவதில் ஒழுங்கானவர் ரேக் பாடம், இந்தி தெரிந்தவர் பெயர்ப் பாடம். விலை கொடுத்துச் செயலி வாங்க அவசரப்பட வேண்டாம். நல்ல கைப்பேசி ஒன்றும், அமைதியான அறையில் பதிந்த தெளிவான குரலும் போதும். வெளியிடும் முன், கடைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத மூன்று பேரிடம் காட்டிப் பாருங்கள். அவர்கள் எங்கே விழிக்கிறார்களோ அங்கே பாடம் சரியில்லை என்று பொருள்.

பெரிய சங்கிலிக் கடைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தனித் துறையே இருக்கிறது. பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற நிறுவனங்களும் நம் தெருக்களுக்கு வந்துவிட்டன. அவர்களோடு விலையில் போட்டியிடுவது நம்மில் பலருக்குக் கடினம். சரியான எடை, சரியான சரக்கு, இனிய சொல் ஆகிய மூன்றிலும் நாம் அவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் இந்த மூன்றும் கல்லாவில் இருக்கும் நம் கையில் மட்டும் இல்லை, முன்னால் நின்று பொட்டலம் கட்டும் ஆளின் கையிலும் இருக்கிறது. அவர் கற்கவில்லை என்றால் நாம் கற்பிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இந்த மாதம் ஒரு நோட்டு வாங்கித் தவறுகளை எழுதத் தொடங்குங்கள். அடுத்த மாதம் ஒரே ஒரு பாடம் தயாரியுங்கள். அதைச் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.